பொய் கலக்காமல் தினம் ஒரு பக்கம்

எழுதுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை சார். ஒரு நாளும் விடாமல் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினால் போதும், கை தானாகப் பழகிவிடும். எங்கள் எழுத்துக் குழுவை நடத்தும் ஆசிரியை அப்படித்தான் சொன்னார். குழுவுக்கு ஒரே ஒரு விதி: அன்று கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், பொய் கலக்கக் கூடாது. எழுதியதை அன்றே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

என் கஷ்டம், எங்கள் வீட்டில் எதுவுமே நடக்காது. மனைவி வங்கிக்குப் போய்விடுவாள். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ரேடியோ கேட்பார், என்னைப் பார்த்தால் சிரிப்பார். இதை எத்தனை நாள் எழுதுவது? இல்லாததை எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால் அவருடைய மூக்குக் கண்ணாடியை அழுக்குத் துணிக்கூடையில் போட்டேன். மனிதர் சுவரைத் தடவித் தடவித் தேடினார். அன்றைய பக்கத்தை ஆசிரியை வாயாரப் புகழ்ந்தார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்து மாமனாரின் காது மிஷினில் தீர்ந்துபோன பேட்டரியை மாட்டினேன். என் மனைவி கூப்பிட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று அவள் அழுதாள். அதுவும் நல்ல பக்கம்தான்.

பிறகு ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது இருட்டில் படி தவறி விழுந்தார். நான் கீழ்ப்படியில்தான் இருந்தேன்.

"மாப்ள, கொஞ்சம் கைய குடுங்க" என்றார்.

கொடுத்திருப்பேன். ஆனால் சூடு ஆறிவிட்டால் எழுத்து வராது. பக்கத்தை முடித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். எனக்கும் வருத்தம்தான் சார். அவரைப்போல இன்னொருவர் எனக்குக் கிடைக்க மாட்டார்.

குழுவில் எல்லோரும் உருகிப்போனார்கள். மனைவி மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"படிக்கட்டு பல்பு ஃபியூஸ் போயிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதை அன்னிக்குக் காலையிலதானே நான் புதுசா மாத்தினேன்?"

அவள் கேட்டது நியாயம். பல்பைக் கழற்றியது நான்தான். இத்தனை நாள் எழுதியதில் அந்த ஒரு வரிதான் சார் பொய். பொய் எழுதிப் பழக்கம் இல்லாததால்தான் மாட்டிக்கொண்டேன்.