பெட்டரி ஸ்டோர் மண்ணு

– அப்ப ஜீப்புல முன் சீட்டுல ஒக்காந்து போனது நீ இல்ல?

– நான்தான். இல்லைன்னு எப்ப சொன்னேன்?

– முக்தார் நானா கடை வாசல்ல வச்சிக் கேக்குறாரு, "என்ன ராஜதுரை, நேத்து கோகிலாவ ஜீப்புல கண்டேன், ஒங்கட வீட்டுக்கு இப்ப ஜீப்பெல்லாம் வருது போல"ன்னு. நாலு பேரு நின்னு சிரிக்கிறாங்க. புருஷன்காரன் நான் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்க?

– பின் சீட்டு முழுக்க மண்ணு போட்ட போத்தலுங்க. மடியிலயும் நாலு போத்தல் வச்சிக்கிட்டுத்தான் போனேன்.

– கேகாலைக்கு மண்ணு கொண்டு போக, மண்ணச் சோதிக்க வந்திருக்குற அந்த நுவன் மாத்தயாவுக்குக் கை இல்லியா? செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நீதான் வேணுமா?

– அவரு வண்டிய ஓட்டுவாரா, போத்தலப் புடிப்பாரா? இங்க பாருங்க, என்னைய நங்கின்னுதான் கூப்புடுறாரு. தங்கச்சி மாதிரி.

– எல்லாப் பயலும் மொதல்ல நங்கின்னுதான் கூப்புடுவான்.

– தேத்தண்ணி ஊத்தட்டா?

– தேத்தண்ணி கெடக்கட்டும். நான் கேக்குறது வேற. அந்தக் கேங்குல எட்டுப் பொம்பளைங்க. மூக்காயி இருக்கா, அன்னலட்சுமி அக்கா இருக்காங்க. எல்லாரும் குனிஞ்சி மண்ணு வெட்டி மூட்டையில போடுறாங்க. நீ மட்டும் மஞ்சத் தொப்பியப் போட்டுக்கிட்டு, கையில பென்சில வச்சிக்கிட்டு, அவன் பக்கத்துலயே நிக்கிற. ஏன்?

– எனக்குச் சிங்களம் எழுத வாசிக்க வரும். எந்த மூட்டையில எந்த எடத்து மண்ணுன்னு எழுதணும்.

– அந்த எடத்தப் பத்தி என்னைய விட அவனுக்கு என்னா தெரியும்? ரப்பர் ஸ்டோர மூடுன பொறகு டவுன் மொதலாளி குத்தகைக்கு எடுத்து, பழைய பெட்டரி ஒடைக்கிற எடமா ஆக்குனான். மொத நாள்லேருந்து பூட்டுப் போட்ட நாள் வரைக்கும் நின்னவன் நான். அஞ்சு வருஷம். ஈயத்த உருக்கிக் கட்டியா ஊத்துன கை இது. ஆசிட்ட எந்தச் சாக்கடக் காணுல விட்டோம், சாம்பல எந்தப் பள்ளத்துல கொட்டுனோம், கண்ணக் கட்டி விட்டாலும் போயிக் காட்டுவேன். இப்ப வெள்ளக்காரங்க வந்து ஆத்துல படகு ஓட்டுறதுக்கு அங்கன ஹோட்டல் கட்டப் போறாங்களாம், மண்ணச் சுத்தம் பண்ணணுமாம். நல்லதுன்னு பேரு குடுக்கப் போனேன். என்னைய வேணாங்கிறான், என் பொஞ்சாதிய வான்னு எடுத்துக்கிறான். நான் என்னா மடையனா?

– ஒங்கள வேணாம்னது அவரு இல்ல. பெட்டரி ஸ்டோருக்குள்ள வேல செஞ்சவங்க ஒருத்தரையும் எடுக்கக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க. இராமசாமி அண்ணனையும்தான் எடுக்கல.

– இராமசாமி எந்திரிச்சி நடக்கவே மாட்டாம கெடக்கான். அவன எவன் எடுப்பான்?

– ஒங்க கூட நின்னு ஈயம் உருக்குனவரு, நாப்பது வயசுல ஏன் அப்பிடிக் கெடக்குறாருன்னு யோசிச்சீங்களா?

– கதைய மாத்தாத. சொல்லிட்டேன், நாளையிலேருந்து நீ போகத் தேவையில்ல.

– ஏன்?

– ஒம் பேர வெட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். மத்தியானம் நீங்க எல்லாரும் சோறு திங்க ஆத்துப் பக்கம் எறங்குன நேரம் போனேன்.

– அவருகிட்டயா போனீங்க?

– அவன்கிட்டதான். வெள்ளையா சட்டை, பக்கத்துல போனா சோப்பு வாசம். அவனப் பெத்தவங்க இங்கிலீசு படிக்க வச்சாங்க, என்னையப் பெத்தவங்க ரப்பர் மரத்துல பால் வெட்ட அனுப்புனாங்க. அம்புட்டுத்தான் ரெண்டு பேருக்கும் வித்தியாசம். "அய்யே, வாடிவென்ன"ன்னு, அண்ணே ஒக்காருங்கன்னு, கதிரைய இழுத்துப் போட்டான். நான் ஒக்காரல. சட்டையப் புடிச்சிட்டேன்.

– புடிச்சீங்களா?

– புடிச்சேன். திருப்பி அடிப்பான்னு பாத்தேன். அடிக்கல. தள்ளவும் இல்ல. என் கையவே பாத்துக்கிட்டு நின்னான்.

– நடுங்கிச்சா?

– கோவத்துல யாருக்கும் நடுங்கும்.

– சோத்தப் பெசையிறப்பவும் நடுங்குது. அப்ப யாரு மேல கோவம்? கை நிக்காம மரத்தக் காயப்படுத்துறீங்கன்னுதானே கங்காணி ஒங்கள பால் வெட்டுலேருந்து எடுத்து புல்லு வெட்டப் போட்டாரு. ராத்திரியில தல வலிக்குது, காலையில வச்ச பொருளு மத்தியானம் எங்கன்னு தெரியல. எல்லாம் ஈயம் செய்யிற வேலையாம். ஒடம்புக்குள்ள போனா எலும்புல போயித் தங்கிடுமாம். கோவம் வர்றதும் அதுனாலதானாம்.

– ஓஹோ. அப்ப எனக்கு வர்ற சந்தேகமும் ஈயந்தான்னு சொல்லிட்டானா?

– அது ஈயம் இல்ல. கல்யாணத்தன்னைக்கு ஃபோட்டோ புடிச்ச பையனப் பாத்து நான் சிரிச்சேன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தீங்க. அப்ப பெட்டரி ஸ்டோரே இல்ல.

– சிரிச்சியா இல்லியா?

– சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன்.

– சரி, இதுக்குப் பதில் சொல்லு. காலையில ஒரு உடுப்புல போற, சாயங்காலம் வேற உடுப்புல வர்ற. தலைக்குக் குளிச்சிட்டு ஈர முடியோட வர்ற. எதக் கழுவிட்டு வர்ற நீ?

– தூசிய. எட்டுப் பேரும்தான் கழுவுறோம். அங்கனயே குளிக்கத் தண்ணிப் பீலி போட்டுக் குடுத்திருக்காங்க. வேல உடுப்ப அங்கனயே கழட்டிப் போட்டுட்டு, குளிச்சிட்டுத்தான் வெளிய வரணும். அந்தத் தூசி ஒரு பொட்டு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க.

– கேகாலையில யாரப் பாக்குற? அத மொதல்ல சொல்லு.

– நபீலா டொக்டர. பொம்பள டொக்டருதான். போத்தலக் குடுத்துட்டு அவரு என்னைய ஆஸ்பத்திரியில எறக்கி விடுவாரு.

– ஆஸ்பத்திரியா? ஒனக்கு என்னா?

– வேலைக்கு எடுக்க முந்தி எட்டுப் பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. ஏழு பேருக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும் ரத்தத்துல ஈயம். அந்த மண்ண ஒரு தடவ தொடுறதுக்கு முந்தியே. வீட்டுக்கு அனுப்பப் பாத்தாங்க, நான்தான் கெஞ்சுனேன். மண்ணு வெட்ட விட மாட்டோம், தள்ளி நின்னு எழுதுன்னாங்க. அதுதான் அந்தப் பென்சிலு, அதுதான் அந்தத் தொப்பி.

– நீ பெட்டரி ஸ்டோருக்குள்ள கால் வச்சதே இல்லியே.

– இல்ல.

– ஏன் எங்கிட்ட சொல்லல?

– சொல்லணும்னுதான் ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் வருவேன். ஒங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல வாய் வராது.

– நான் என்னா புலியா?

– டொக்டர் அந்த ரெண்டு புள்ளையப் பத்தியும் கேட்டாங்க.

– எந்த ரெண்டு... நம்மளோடதா?

– ம். எத்தன மாசத்துல கலைஞ்சிச்சி, எந்த வருஷம்னு கேட்டாங்க. தொண்ணூத்தி ஆறுல ஒண்ணு, தொண்ணூத்தெட்டுல ஒண்ணுன்னேன். எழுதிக்கிட்டாங்க.

– நான் ஸ்டோருல நின்ன வருஷம் ரெண்டும்.

– ஆமா.

– எங்கம்மா ஒன்னையச் சொன்னாங்க. ஒடம்பு சரியில்லாதவளக் கட்டி வச்சிட்டோம்னு. நானும் வாயத் தொறக்கல.

– தெரியும்.

– அப்ப தண்ணியில கலந்திருச்சா? காணுல விட்ட ஆசிட்டு நாம தண்ணி புடிக்கிற பீலிப் பக்கமா வந்திருக்குமா? கோகிலா, நாங்கதான் விட்டோம், மொதலாளி விடச் சொன்னான், விட்டோம்.

– தண்ணி இல்ல. லயத்துல எல்லாரும் அதே தண்ணியத்தான் குடிச்சோம். மத்த ஏழு பேருக்கும் ஒண்ணும் இல்லியே.

– பின்ன ஒனக்கு மட்டும் எப்பிடி வந்திச்சி? அந்த டொக்டர் என்னா சொன்னாங்க? மறைக்காம சொல்லு.

– அவங்களா ஒண்ணும் சொல்லல. கேள்விதான் ஒண்ணு கேட்டாங்க. அந்த அஞ்சு வருஷமும் ஒங்க வேலச் சட்டையத் தொவச்சது யாருன்னு.