தலைவர் சொன்னதாக நான் சொன்னது

தலைவருக்குச் சவரம் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை, சார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கன்னம் தொங்கிவிட்டது. அதை மட்டும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அவருடைய உதவியாளன். கல்யாணம், குடும்பம் என்று எனக்கு எதுவும் அமையவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தே தலை நரைத்துவிட்டது. அவரைப் பார்க்க வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

நோயில் அவர் பேச்சு குழறிப்போனது. வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த மகளுக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதன்பின் கட்சிக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். முன்னாள் அமைச்சர்கள்கூட "அண்ணே" என்றார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

வேட்பாளர் தேர்வில் மனக்கசப்பு வந்தது. தலைவருக்கு வலதுகையாக இருந்த மீசைக்காரர் சமாதானம் பேச வந்தார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அழுதார். தலைவர் என்னிடம் குழறினார்: "இவன் என் புள்ள மாதிரி. இருக்கச் சொல்லு."

"என்னண்ணே சொல்றார்?" என்றார் மீசைக்காரர்.

இவர்கள் இருவரும் சேர்ந்துவிட்டால் கைஜாடையிலேயே பேசிக்கொள்வார்கள் என்று தோன்றியது.

"உங்க மூஞ்சியிலயே முழிக்க வேணாமாம்."

தலைவர் தலையை வேகமாக ஆட்டினார். "கோபம் ஏறுது, கிளம்புங்க," என்றேன்.

அந்த மாதமே பாதிக் கட்சி மீசைக்காரரோடு வெளியேறிப் புதுக்கொடி ஏற்றியது. நான் உடைத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விரிசல் முன்பே இருந்தது.

கட்சி உடைந்ததும் வீடும் காலியாகிவிட்டது. மகள் வெளிநாட்டுக்கே திரும்பிவிட்டாள். அவரும் நானும்தான். நான் அறைக்குள் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மட்டும் வந்துபோனாள். ஒரு மதியம் கிளம்பும்போது சிரித்தபடி சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் நீங்க பக்கத்துல இருக்கவே வேணாம். அவரே பேசிடுவார்."

அவள் போனதும் தலைவர் என்னைப் பார்த்துத் தெளிவாகவே சொன்னார். "அவனக் கூப்பிடு." மீசைக்காரரைத்தான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "தண்ணி."

அவருக்கு விழுங்குவது கஷ்டம். நிமிர்த்தி உட்காரவைத்து, புரையேறாமல் இருக்கத் தண்ணீரில் பொடி கலந்து கெட்டியாக்கிக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் தலையணையை உருவிவிட்டு, டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து வந்தேன். நடுவில் அவர் போதுமென்று கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் ஊற்றினேன்.

இறுதி ஊர்வலத்தில் இரண்டு கொடிகளும் சேர்ந்தே போயின. எனக்கு நிறைவாக இருந்தது. முடிந்ததும் எல்லாரும் அவரவர் காரில் ஏறிவிட்டார்கள். மீசைக்காரர் மட்டும் என்னிடம் திரும்பி வந்தார்.

"கடைசியா என்னண்ணே சொன்னார்?"

"'என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதே'ன்னு சொன்னார்."

அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அது தலைவர் சொன்னதல்ல, சார். அவர் மூச்சு அடங்கும்வரை நான் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தது.