பதினோராம் நம்பர் மைக்ராஸ்கோப்

என் பெயரும் விலாசமும் இத்துடன் இணைத்துள்ள அடையாள அட்டையில் கண்டபடி. வயது நாற்பத்து நான்கு. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். யாரும் அழைத்துவராமல், நானாகவே இன்று வியாழக்கிழமை காலை காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

நான் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழிற்கல்வி இரண்டு வருடம் படித்த கல்லூரியில் அந்தப் பிரிவையே மூடி, சாமான்களை மொத்தமாக ஏலம் விடப்போவதாகக் கேள்விப்பட்டு, சென்ற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே போனேன். ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் அம்மா என்னைப் பார்த்ததும், "அடடே, மயக்கமா? உள்ள வாப்பா" என்றார். முதல் வாரம் விரலில் ஊசி குத்தியபோது நான் மயங்கி ஸ்டூலோடு சாய்ந்ததால் வந்த பட்டப்பெயர் அது. அன்று குத்தியவர் பக்கத்து இருக்கை மாணவி. தற்போது என் மனைவி.

அதன் பிறகு அந்த அம்மா ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். தொட்டியில் ஊதாச் சாயக் கறை அப்படியே இருந்தது. அந்த இரண்டு வருடமும் எங்கள் விரல்களும் அதே நிறத்தில்தான் இருந்தன. டாக்டருக்குப் படிப்பவர்கள் எங்களை "பாட்டில் கழுவுற கோஷ்டி" என்பார்கள். ஆனால் என் ரத்தத்தையே கண்ணாடித் துண்டில் தடவி, பதினோராம் நம்பர் மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த அன்று நான் இடத்தை விட்டு நகரவில்லை. இருவருக்கு ஒன்று என்று ஒதுக்கியிருந்ததால் பக்கத்து மாணவி, "எனக்கும் கொஞ்சம் காட்டேன். உன் ரத்தம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

அதன் பிறகு ஸ்டோர் அம்மா எனக்கு டீ வாங்கிவரப் போனார். 'உபயோகமற்றவை' என்று சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் பதினோராம் நம்பர் கிடந்ததைக் கண்டு, எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். அவர் வந்ததும் டீயைக் குடித்து, என் மகளைப் பற்றி அவர் விசாரித்ததற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வெளியேறினேன்.

மனைவியிடம், ஸ்டோர் அம்மாவிடம் கேட்டு வாங்கியதாகப் பொய் சொன்னேன். அவர் லென்ஸைத் துடைத்து, வெங்காயத் தோலை வைத்து மகளுக்குக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அதன் பிறகு நேற்று மாலை, உடன் படித்த ஒருவர் போன் செய்து, மைக்ராஸ்கோப் ஒன்று குறைவதாக ஸ்டோர் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றும், போலீஸ் விசாரணைக்குக் காலையில் இந்த நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அவர் ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது நாள்தான் என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் மனைவியும் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "இத எடுத்துக்கிட்டு காலைல கிளம்பு. நானும் வரேன்" என்றார்.

இங்கே வந்தபோது அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்து, "ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதிப் போட்டு வாங்கித் தந்திருப்பேனே" என்றார். இதில் அவருக்கோ என் மனைவிக்கோ எந்தப் பங்கும் கிடையாது. வேலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

இவை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, நான் சொன்னபடியே உள்ளன, உண்மை. ஸ்டோர் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, என் மனைவி அவரைக் கைபிடித்துப் படியிறக்கி வண்டி ஏற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு, இதில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)