கவ்வாத்து வெட்டிய மஞ்சள் பூச்செடி

நான் சாதாரண தரம் வரைதான் படித்திருக்கிறேன். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்கவும்.

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு மஞ்சப் பூச்செடிய கவ்வாத்து வெட்டிப்புட்டாரு அக்கா."

"தேயிலைய வெட்டுற மாதிரியா?"

"ஆமாக்கா. முழங்கால் உயரத்துக்கு மட்டமா, ஒரு இலைகூட விடாம. வெட்டுனாத்தான் தளிரு நெறைய வரும்னாரு."

"கவ்வாத்துக் கத்தி பிடிச்ச கை சும்மா இருக்காதே. தேயிலைன்னா வந்துரும். இது அப்புடி இல்ல புள்ள. நான் தொரை பங்களாப் பூந்தோட்டத்துல வேலை செஞ்சவ. பூ முடிஞ்சதும் நுனிய மட்டும் கிள்ளணும். முத்துன கட்டையில தளிரு வராது."

"மூணு மாசமா வரலக்கா. எங்க மக சாகுறதுக்கு முந்தி வச்ச செடி. அது கையால வச்சதுன்னு வீட்டுல வேற ஒண்ணும் இல்ல."



"அவருகிட்ட சொல்லிட்டியா, இனி வராதுன்னு?"

"எப்புடிக்கா சொல்றது? தினமும் காலையில பேர் குடுக்க பெரட்டுக்குப் போக முந்தி நகத்தால சொரண்டிப் பாக்குறாரு, உள்ளுக்குப் பச்சை இருக்கான்னு."

ரோட்டோரத்தில் வரிசை வீடுகளாக இருந்த லயத்துக்கு முன்னால், மகளை இழந்த அந்தப் பெண் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் நான் போன பஸ் அந்த லயத்தைத் தாண்டியபோது, வாசலில் ஒருவர் வெட்டிய கட்டையைச் சுற்றிக் கம்பு நட்டு வேலி கட்டிக்கொண்டிருந்தார்.