கடைசிக் கட்டம்

வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் என் தொழிலைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். நான் ஆசிரியர் இல்லை, அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவன். டீச்சர் என்பது ஐந்தாவது மாடியில் இருந்தவர். நான்காவது வரியில் ‘அடுக்குமாடி குடியிருப்பு’ என்று இருக்கிறது, நடுவில் ஒரு ‘க்’ வர வேண்டும். பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடப் பழக்கம் ஸ்டேஷனுக்கு வந்ததும் போய்விடுமா.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது இரண்டாவது மாடி, சாலையைப் பார்த்தது. கீழே நாள் முழுக்க சிமெண்ட் லாரி போகும். ஜன்னலைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தூசியில் விரலால் பெயர் எழுதலாம். என் மனைவிக்கு மூச்சிரைப்பு. “இந்த வீட்ட விட்டுப் போனாலே பாதி சரியாகிடும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே தரையோடு ஒரு சிறிய வீடு பார்த்தோம். அந்த வாசலில் நின்று அவள் நன்றாக மூச்சை இழுத்து விட்டாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். எங்கள் வீட்டை வாங்க ஒரு பல் டாக்டரும் தயாராக இருந்தார்.

அப்போதுதான் புது விதி வந்தது. தீயணைப்புத் துறையின் சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் யாரும் வீடு விற்க முடியாது, பத்திரம் பதிய மாட்டார்கள். நல்ல விதி, நான் குறை சொல்லவே மாட்டேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிச் சங்கத்தின் செயலாளர் வேலையை ஏற்கெனவே என் தலையில் கட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய், புகை மணி, படிக்கட்டுக்கு இரும்புக் கதவு என்று எட்டு மாதம் நாயாய் அலைந்து எல்லாவற்றையும் போட வைத்தேன். கடைசியில் ஒரு பட்டியல்தான் மிஞ்சியது. எந்த மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, வாசலில் ஒரு சிவப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் வைத்திருக்க வேண்டும். அதில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘துணையின்றிப் படியிறங்க இயலாதோர்’. மேல்மாடியில் அப்படி ஒருவர் இருந்தால், மின்சாரம் போனாலும் ஓடுகிற தனி லிஃப்ட் வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரே ஒருவர்தான். கணக்கு டீச்சர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மகள் நர்ஸ், பகல் வேலை. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போவாள், மாற்றுச் சாவி என்னிடம் இருக்கும். “அண்ணே, நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் வேலைக்கே போறேன்” என்பாள். நான் தினமும் பத்து மணிக்கு மேலே போய்ப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். இரண்டு பேரும் அதில் அச்சுப் பிழை தேடுவோம். டீச்சர் கெட்டிக்காரர், நான் விட்டதையும் பிடித்துவிடுவார். என்னைப் ‘பிழையார்’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இந்த வரியை அடித்துவிடாதீர்கள்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். தரைத்தளத்தில் ஒரு வீட்டில் குடியிருப்பவர்கள் ஏறவே மாட்டோம் என்றார்கள். இன்னொரு வீடு தலைவருடையது, அதில் அவர் மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். “என் பையன் மெஷினையெல்லாம் அஞ்சாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போகவா?” என்றார். தானும் விற்கக் காத்திருந்த நாலாவது மாடி அக்கா, “டீச்சர் போன வருஷம் நடந்தாங்கல்ல?” என்று கேட்டார்.

“அது போன வருஷம்” என்றேன்.

“அப்ப போன வருஷத்தையே எழுதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைப் பிடித்து வந்து தொந்தரவு செய்ய வேண்டாம், வேடிக்கைக்குச் சொன்னதுதான். எழுதியது நான். கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

ஆய்வு நடந்த அன்று காலை மேலே போய், “ஆளுங்க வர்றாங்க டீச்சர், ஒரு மணி நேரம் சத்தமில்லாம தூங்குங்க, வெளிய பூட்டிக்கிறேன்” என்றேன்.

“பூட்டிக்கோங்க பிழையாரே. நான் எங்க ஓடிடப் போறேன்” என்றார்.

அதிகாரி அந்தக் கதவின் முன்னால் நின்றபோது, பகலில் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். கீழே வந்ததும் அவர் பட்டியலைக் காட்டி, “தீன்னு வந்தா முதல்ல இதத்தான் கேப்போம் சார். இதுல இல்லைன்னு இருந்தா எங்க ஆளுங்கள வீணா புகைக்குள்ள அனுப்ப மாட்டோம்” என்று விளக்கினார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவர் காட்டிய இடத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அச்சகத்திலும் அதுதான் வழக்கம். ‘சரி’ போட்ட பக்கம் அச்சுக்குப் போய்விடும், பிறகு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

சான்றிதழ் வந்தது. திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பதினொன்றரை மணிக்கு, தரைத்தளத்து மீட்டர் அறையில் தீப்பிடித்தது.

புகை மணி அடித்தது, நான் போட வைத்ததுதான். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள், வேலை நாள் என்பதால் மொத்தமே ஏழெட்டுப் பேர். மனைவியைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து எதிரே இருந்த மருந்துக் கடையில் உட்கார வைத்தேன். தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. முகமூடி மாட்டிய இரண்டு பேர் படிக்கட்டின் அருகில் தயாராக நின்றார்கள். அவர்களுடைய அதிகாரி பட்டியல் கேட்டார். பெட்டியைத் திறந்து கொடுத்தேன்.

“கடைசிக் கட்டத்துல இல்லைன்னு போட்டிருக்கு. சரிதானே சார்?”

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. டீச்சர். உங்கள் தாளில் நான்கு அழைப்பு என்று இருக்கிறது. அவர் மூன்று முறைதான் கூப்பிட்டார், நான்காவது அவர் மகள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கும், எனக்குப் பொய் வராது. பன்னிரண்டு குடும்பங்களின் சான்றிதழ் அந்தத் தாளில் இருந்தது. திங்கட்கிழமையும் இருந்தது. போனைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, “சரி” என்றேன்.

அவர் இரண்டு பேரையும் மீட்டர் அறைப் பக்கம் அனுப்பினார். டீச்சர் வீட்டு ஜன்னல் பின்பக்கம், சாலையிலிருந்து தெரியாது. மனைவியிடம் போனேன். இரைப்புக்கு நடுவில், “டீச்சர இறக்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“இறக்கிட்டாங்க” என்றேன். நோயாளியைப் பதறவிடக் கூடாது அல்லவா.

தீயை அணைக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் நர்ஸ் ஆஸ்பத்திரி உடுப்போடு ஓடி வந்தாள். “அண்ணே, அம்மா எங்க?” என்றாள். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தச் சாவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள். தீ ஐந்தாவது மாடிக்கு வரவே இல்லை, புகை மட்டும்தான். கட்டிலிலிருந்து கதவு வரை டீச்சர் வந்திருந்தார். ஒரு கையால் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பூட்டை அவர் மறந்திருக்க வேண்டும்.

உங்களிடம் முதலில் சொன்னது என் மனைவி என்று தெரியும். வருத்தமில்லை. இப்போது அவள் தன் தம்பி வீட்டில் இருக்கிறாளாம். அங்கே தூசி கிடையாது, மூச்சுக்கு நல்லது. இவ்வளவும் அதற்காகத்தானே.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்தபோது வாய் திறந்திருந்தால் டீச்சர் இருந்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

மூன்றாவது பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம். ‘பொய்யான பட்டியல்’ என்று போட்டிருக்கிறீர்கள், சான்றிதழையும் ரத்து செய்யப் போவதாகச் சொல்கிறீர்கள். யாரையாவது மேலே அனுப்பி, வீடு வீடாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடைசிக் கட்டம் இப்போது சரியாக இருக்கிறது.