ஓனருக்குப் பிடித்த உருண்டை

மெக்கானிக்: சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. வேணும்னா அடுப்பு மேல கை வெச்சுச் சொல்லட்டுமா?

மனைவி: அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. வெச்சுத்தான் பாருங்களேன்.

மெக்கானிக்: ...சரி, மனசு மேல வெச்சுச் சொல்றேன். போன சனிக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தே. ஓனர் வந்து அந்த நாற்காலில உக்கார்ந்தார். நான் குருவிக் கூண்டை அவர் கண்ணுல படாம தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல வெச்சேன். அப்படியே டீயும் போட்டு எடுத்துட்டு வந்தேன். பார்த்தா, மேஜை மேல தட்டு காலி.

மனைவி: எந்தத் தட்டு?

மெக்கானிக்: நம்ம குருவிக்கு உருண்டை பண்ணி ஆற வெச்சிருந்தியே, அந்தத் தட்டு.

மனைவி: என்கிட்ட குருவி தின்னுடுச்சுன்னு சொன்னீங்க.

மெக்கானிக்: யார் தின்னான்னு உனக்கு எதுக்கு வருத்தம்னு... ஓனர்தான் ஒண்ணு விடாம முடிச்சுட்டார். முடிச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு "பிரமாதம்"னு வேற சொன்னார்.

மனைவி: துடைச்சாரா, இல்ல நீங்க சேர்த்துக்கிட்டதா?

மெக்கானிக்: துடைச்சது நான் சேர்த்தது. பிரமாதம்னது அவர்.

மனைவி: அடப் பாவமே. அதுல முட்டை ஓட்டுப் பொடி இருக்குங்க. தினை, ஓட்ஸ், கேரட் துருவல்... உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. அதை எப்படி ஒரு மனுஷன் தின்னார்?

மெக்கானிக்: அதைத்தான் நானும் ஒரு வாரமா யோசிக்கிறேன். இதையே பிரமாதம்னா, அவர் வீட்டுச் சமையல் எந்த லட்சணத்துல இருக்கும்?

மனைவி: சிரிக்காதீங்க. ஒரு வாரமா ஏன் சொல்லல?

மெக்கானிக்: சொன்னா நீ போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுவே. உனக்கு அந்த வியாதி உண்டு.

மனைவி: நாய், பூனை, பறவை எதுவும் கூடாதுன்னு சொல்லித்தான் வீட்டையே கொடுத்தார். தெரிஞ்சா அன்னிக்கே காலி. இந்த லவ் பேர்ட் குருவியால ஏற்கெனவே ரெண்டு வீடு மாறியாச்சு. இன்னொரு தடவை பீரோவைத் தூக்க என் முதுகுல தெம்பு இல்ல.

மெக்கானிக்: அப்ப யார்கிட்டயாவது கொடுத்துடலாமா?

மனைவி: உங்களைக் கொடுத்தாலும் கொடுப்பேன், அதைக் கொடுக்க மாட்டேன். நீங்க ஆஸ்பத்திரில கிடந்தப்ப, வீட்ல எனக்குப் பேச்சுத்துணையா இருந்தது அது ஒண்ணுதான்.

மெக்கானிக்: அதுக்கு "டிங்"கைத் தவிர என்ன பேசத் தெரியும்?

மனைவி: காலம் பூரா லிப்ட் ரிப்பேர் பண்ணிட்டு, வீட்டுக்கு வந்தும் அந்த மணியையே கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா, அது வேற எதைக் கத்துக்கும்? அது டிங்குன்னா நீங்க வேலை முடிஞ்சு வந்துட்ட மாதிரி இருக்கும். அப்புறம்தான் எனக்குச் சோறே இறங்கும்.

மெக்கானிக்: ...இதை நீ சொன்னதே இல்லையே.

மனைவி: நீங்க எங்க பேச விட்டீங்க?

ஓனர்: ஐயா... அம்மா... உள்ள இருக்கீங்களா?

மெக்கானிக்: போச்சு. கூண்டு, கூண்டு.

மனைவி: நான் பாத்ரூம்ல வெச்சு துண்டைப் போட்டுடறேன். நீங்க பேச்சுக் கொடுங்க. கொஞ்சமாக் கொடுங்க.

மெக்கானிக்: வாங்க சார், வாங்க. கொஞ்சம் நிக்க வெச்சுட்டேன். இந்த வயசுல எழுந்து வர்றதுக்குள்ள எதுக்கு எழுந்தேன்னு மறந்துடுது.

ஓனர்: பரவாயில்லைங்க. இன்னிக்கும் வாசனை வருதே. உருண்டைதானே?

மெக்கானிக்: உருண்டை... ஆமா. உருண்டையாத்தான் இருக்கு.

ஓனர்: அதை எப்படிப் பண்றதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.

மெக்கானிக்: அது சும்மா சொல்லிக் கொடுக்கிற விஷயம் இல்லை சார். எங்க சித்தப்பா கப்பல்ல சமையல்காரர். நடுக்கடல்ல கேப்டனுக்குக் குரல் போயிடுச்சு. கேப்டனுக்கே குரல் இல்லன்னா கப்பல் யார் பேச்சைக் கேக்கும்? அப்படியே நின்னுடுச்சு. சித்தப்பா மூட்டைல மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் கூட்டி, உருட்டி, சுட்டுக் கொடுத்தார். விடிஞ்சு பார்த்தா கேப்டன் விசில் அடிக்கிறார். பேச்சு வரல, விசில்தான். ஆனா கப்பல் கிளம்பிடுச்சு.

மனைவி: உங்க சித்தப்பா கடலையே பார்த்ததில்லன்னு போன மாசம்தானே சொன்னீங்க.

மெக்கானிக்: சமையல் அறை கப்பலோட அடித்தளத்துல. ஜன்னல் கிடையாது. எங்கேருந்து பார்ப்பார்?

ஓனர்: நியாயம்தான்.

உள்ளேயிருந்து: டிங்.

ஓனர்: ...என்ன சத்தம் அது?

மெக்கானிக்: எது?

உள்ளேயிருந்து: டிங்.

ஓனர்: லிப்ட் மணி மாதிரி... இந்த வீட்ல லிப்டே இல்லையே.

மெக்கானிக்: அது நான்தான் சார். நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. டாக்டர் என் பழைய தொழிலைக் கேட்டுட்டு, பழக்கப்பட்ட சத்தமா இருக்கட்டும்னு லிப்ட் மணியையே பொருத்திட்டார்.

மனைவி: இவர் கொஞ்ச நேரம் வாயை மூடினா, கதவுகூடத் தானாத் திறக்கும்.

ஓனர்: சத்தம் பாத்ரூம்லேருந்து வந்த மாதிரி இருந்ததே...

மெக்கானிக்: எதிரொலி சார். பழைய கட்டடம், கனமான சுவர்.

ஓனர்: இருக்கும், இருக்கும். இருங்கம்மா, தட்டைக் கொண்டு வர வேண்டாம், நான் இன்னிக்குச் சாப்பிட வரல. உண்மையைச் சொன்னா... உங்க ரெண்டு பேருக்கும் நன்றி சொல்ல வந்தேன்.

மனைவி: நன்றியா? எதுக்கு?

ஓனர்: மாடில என்கூட ஒருத்தங்க இருக்காங்க. வயசானவங்க. ரொம்ப நாளா உடம்பு சரியில்ல. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்குவாங்க. முடியெல்லாம் அவங்களே பிடுங்கிப் போட்டுக்குவாங்க. டாக்டர்கூட உதட்டைப் பிதுக்கிட்டார்.

மனைவி: ஐயோ... உங்க அம்மாவா?

ஓனர்: ...வயசானவங்க. போன சனிக்கிழமை இங்கேருந்து ஒரு கை எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். முதல்ல மோந்து பார்த்தாங்க. அப்புறம் ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. இப்ப முடியே புதுசா முளைக்குதுங்க. நேத்து காலைல குரல் கொடுத்து என்னை எழுப்பினாங்க. நான் படுக்கைல உக்கார்ந்து அழுதுட்டேன்.

மெக்கானிக்: நான் சொல்லலை? கேப்டனுக்கும் இப்படித்தான், முதல்ல விசில், அப்புறம்...

மனைவி: போதும், நிறுத்துங்க.

மெக்கானிக்: இல்ல, அந்தக் கப்பல்...

மனைவி: கப்பல் மூழ்கிடுச்சு. தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மெக்கானிக்: வேண்டாம்மா. நாம எங்க போவோம்?

மனைவி: எங்கயோ போவோம். உடம்புக்கு முடியாத ஒருத்தர் வயித்துல போயிருக்கு, நான் வாயை மூடிக்கிட்டு இருக்கவா? தம்பி, அது மனுஷங்க சாப்பிடுறது இல்ல. குருவிக்குப் பண்றது. அதுல முட்டை ஓட்டை அரைச்சுப் போடுறேன். நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் அரைக்கிறேன், சுத்தம்தான். இருந்தாலும் வயசானவங்களுக்கு ஒத்துக்குமோ என்னவோ. உடனே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஓனர்: குருவியா?

மனைவி: பாத்ரூம்ல இருக்கு. உங்களுக்குத் தெரியாமத்தான் வளர்க்கிறோம். தப்புதான். காலி பண்ணுங்கன்னா பண்ணிடறோம். ஒரே ஒரு வாரம் டைம் கொடுங்க, இவரால பாரம் தூக்க முடியாது.

மெக்கானிக்: பேஸ்மேக்கரும் கிடையாது சார். மத்தபடி கப்பல் மட்டும் உண்மை.

ஓனர்: அம்மா, நீங்க முதல்ல உக்காருங்க. உங்ககிட்ட குருவி இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஒரு உருண்டையை எடுத்து நசுக்கிப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு.

மனைவி: தெரிஞ்சும் அதை எப்படி வாயில போட்டீங்க?

ஓனர்: யார் போட்டா? ஒண்ணுகூட நான் தின்னல. எல்லாம் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனேன்.

மெக்கானிக்: போய் அந்த அம்மாவுக்குக் கொடுத்தீங்க. குருவித் தீனின்னு தெரிஞ்சே, பெத்த அம்மாவுக்கு...

ஓனர்: எங்கம்மா என் தம்பி வீட்ல சௌக்கியமா இருக்காங்க, ஐயா. மாடில என்கூட இருக்கிறது ஒரு கிழட்டுக் கிளி. அப்புறம், நான் ஓனரும் இல்லைங்க. வீடு எங்க அக்காவோடது, பறவை கூடாதுங்கிற சட்டமும் அவங்க போட்டதுதான். அவங்களுக்குத் தெரிஞ்சா, உங்களுக்கு முன்னாடி பெட்டியைக் கட்ட வேண்டியவன் நான்தான்.