வார் போட்ட கை

எனக்கு உள்ளங்கை வியர்க்காது ஐயா. சித்திரை வெயிலில் ஏர் பிடித்தாலும் வியர்க்காது. பிறவியிலேயே அப்படி. மற்றதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் ஸ்டேஷனுக்கு நடந்துதான் வந்தேன். பஸ்ஸில் ஏறினால் எவனாவது பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொல்வான்.

கன்னியப்பன் கிணற்றில் முனிரத்தினம் விழுந்து செத்தானே, அவனோடு கயிறு பிடித்த சடையப்பன் நான்தான். கை நழுவியதால் வந்த விபத்து என்று நீங்களும் முடித்துவிட்டீர்களாம். ஊர் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள்மேல் தப்பில்லை.

எங்கள் அம்மன் கோயில் எதிரே ஒரு கல் கிடக்கிறது. அதன் தலையில் இரும்பு வளையம். காணும் பொங்கலன்று ஒற்றைக் கையால் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு கோயிலை ஒரு சுற்று வர வேண்டும். கனம் பெரிதில்லை, வளையம்தான் சங்கதி. விரல் சுற்றி வந்து முட்டாத தடிமன். தூக்குகிற தோள் ஊரில் பல பேருக்கு உண்டு. பிடிக்கிற விரல் எனக்கு மட்டும்தான் இருந்தது. அது சும்மா வந்ததில்லை. செய்யாற்று மணலில் குத்திக் குத்தி நகம் பெயர்ந்திருக்கிறது. ஈரக் கோணியை முறுக்கிப் பிழிவேன். நிறைகுடத்தை விளிம்பில் ஐந்து விரலால் பற்றிக்கொண்டு ஏரிக்கரை நெடுக நடப்பேன். பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ஊரில் என்னை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பிள்ளையில்லை, நிலமும் கைக்கும் வாய்க்கும் சரி. அந்தப் பெயர் ஒன்றுதான் சொத்து.

முனிரத்தினம் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே ஏதோ தாலிம்கானாவில் கர்லா சுற்றி உடம்பு வளர்த்தானாம். இந்தப் பொங்கலுக்குக் கல்லருகே வந்து இடுப்பிலிருந்து ஒரு தோல் வாரை எடுத்தான். ஒரு முனையை மணிக்கட்டில் மாட்டினான், மறுமுனையை வளையத்தில் இரண்டு சுற்று சுற்றினான், தூக்கினான். கோயிலை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாக வந்தான். விரல் செய்ய வேண்டிய வேலையை மாட்டுத்தோல் செய்தது. இது செல்லாது என்றேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று பெரியவர்களே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவன் மட்டும் என்னிடம் வந்தான். நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன்.

"அண்ணாத்தே, உனுக்கும் ஒண்ணு வாங்கியாறேன். வயசான கைக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றான்.

வீட்டில் சொக்கம்மாளிடம் சொன்னேன். "கல்லு மேல வந்துச்சா இல்லியா, அத்தப் பாரு. வாரு இன்னா, வெரலு இன்னா? போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றாள் என் பெண்டாட்டி. மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவனை உடும்பு என்று கூப்பிட ஆரம்பித்தன.

எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. ஒரு சின்ன விஷயத்தை ஊருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விரலால் பிடித்தவன் வேண்டும்போது விடலாம். வார் போட்டவனால் விட முடியாது. பிடிப்பது பாதி வித்தை, விடுவது பாதி. வாயால் சொன்னால் எவன் கேட்கிறான்?

கன்னியப்பனுக்குக் கரண்ட் மோட்டார் வரப்போகிறது, அதனால் கிணற்றை ஆழப்படுத்தினான். கீழே பாறையை உடைத்துக் கயிற்றில் கட்டுவார்கள். மேலே ராட்டினத்தில் கயிறு போட்டு நாங்கள் நாலு பேர் பின்னால் நடந்து இழுப்போம். கிணற்று வேலையில் கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மெட்ராஸ்காரனுக்கு மறந்துபோயிருந்தது. கூலிக்கு வந்த முதல் நாளே கயிற்றில் வாரைச் சுற்றினான். மற்றவர்கள் சொல்ல வாயெடுத்தார்கள். "வுடுங்கப்பா, அவனுக்குத் தெரியாததா?" என்று நான்தான் அடக்கினேன்.

கிணற்றை ஒட்டி நிற்பது முன்கயிறு. பலசாலிக்குத்தான் அந்த இடம், எப்போதும் என்னுடையது. அன்றைக்கு அதை அவனுக்குக் கொடுத்தேன். உடும்புக்கு எவ்வளவு பெரிய மனசு என்று கன்னியப்பன் எல்லோரிடமும் சொன்னான்.

கூழ் குடிக்கிற நேரம், கயிறு பிடித்த மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். கீழே இருந்தவர்கள் கடைசிக் கல்லைக் கட்டிவிட்டு ஏறி வந்துவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன். ஆள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அந்த அளவுக்கு எனக்கு ஈவிரக்கம் உண்டு ஐயா.

"ஒரே ஒரு கல்லுதான நைனா, நாமே இஸ்த்துடலாம் வா. வாரை நல்லா சுத்திக்கோ" என்றேன்.

சுற்றிக்கொண்டான். இழுத்தோம். கல் பாதிக் கிணறு வந்தது. அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பத்து விரலையும் விரித்தேன்.

கல் இறங்கியது, கயிறு அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. காலை ஊன்றிப் பார்த்தான், மண் பெயர்ந்து வந்தது. இடது கையால் வாரை அவிழ்க்கப் பார்த்தான். அது அவிழவில்லை. நல்ல வார். ராட்டினத்தருகே திரும்பி என் கைகளைப் பார்த்தான். இரண்டும் விரிந்தபடியே இருந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பிறகு ராட்டினக் கட்டை முறிந்து அவனும் கல்லோடு போனான். கீழே தண்ணீர் இல்லை, பாறைதான்.

ஊருக்கும் புரியும் என்று காத்திருந்தேன். வார் போட்டதால் செத்தான் என்று ஒரு வாய் சொல்லவில்லை ஐயா. "பாவம், சடையப்பனுக்கு வயசாய்ட்ச்சு, கை நழுவிக்கினு பூட்ச்சு" என்கிறார்கள். உடும்பு என்றுகூடச் சொல்லவில்லை, சடையப்பனாம். அம்முலு கடைக்குப் போனால் வெற்றிலையை மடித்து என் கையில் வைத்து, கீழே விழாமல் என் விரலை அவளே மூடுகிறாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று முனிரத்தினத்தின் பெண்டாட்டி மலர்க்கொடி என் வீட்டுக்கே வந்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இன்னாண்ணா பண்ணுவ? கைதான, நழுவிட்ச்சு. அதயே நெனச்சிக்கினு சோறு துன்னாம கெடக்காத. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அழுதாள். சொக்கம்மாளும் கூடச் சேர்ந்து அழுதாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா? அவள் பிடித்துக்கொண்டிருந்த கையிலேயே தெரியவில்லையா, இது நழுவுகிற கையா என்று?

அதனால்தான் விடிந்ததும் கிளம்பி வந்தேன். தூக்கு என்றால் தூக்கு, எனக்கு ஆட்சேபணை இல்லை. திட்டம் போட்டேன், முன்னால் நிறுத்தினேன், விட்டேன். நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் ரேகை வைக்கிறேன்.

ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். மலர்க்கொடியிடம் ஆள் அனுப்பி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். என் கை நழுவவில்லை என்று தெரிந்தால் அவளுக்கும் மனசு ஆறும்.